சண்டை விமானங்களுக்குக் கணக்கு எழுதிய ஜான் பாய்டு

பருந்து பெரிய பறவை. கரிக்குருவி சின்னப் பறவை. ஆனால், தன் கூட்டுக்குப் பக்கத்தில் பருந்து வந்துவிட்டால் கரிக்குருவி சும்மா இருக்காது. பாய்ந்து விரட்டும். முதுகில் கொத்தும். பருந்து ஒரு முறை திரும்புவதற்குள் குருவி மூன்று முறை திரும்பிவிடும். பருந்துக்குப் பலம் இருக்கிறது. ஆனால் சட்டென்று திரும்பும் சக்தி இல்லை. ஆகவே அது ஓட்டம் பிடிக்கிறது.

ஆகாயத்தில் நடக்கும் விமானச் சண்டையும் இப்படித்தான். வேகமாகப் பறக்கும் விமானம்தான் வெல்லும் என்று நெடுங்காலம் எல்லோரும் நம்பினார்கள். அது தவறு என்று ஒருவர் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை, கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டு ஜெட் விமானங்கள் மோதினால் எந்த உயரத்தில் எது வெல்லும், எந்த வேகத்தில் எது தோற்கும் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார்.

அவர் பெயர் ஜான் பாய்டு. அமெரிக்க விமானப்படையில் கர்னலாக இருந்தவர். அவர் போட்ட கணக்கு உலகத்துப் போர் விமானங்களின் உருவத்தையே மாற்றியது. ஆனால் அவருக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. பணமும் சேரவில்லை.

தந்தை இல்லாத பிள்ளை

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஈரி என்று ஓர் ஊர் இருக்கிறது. பெரிய ஏரிக்கரையில் உள்ள ஊர். அங்கே 1927-ம் ஆண்டு ஜனவரி மாதம் 23-ந் தேதி ஜான் பாய்டு பிறந்தார்.

தந்தை காகிதக் கம்பெனி ஒன்றில் விற்பனை வேலை பார்த்தார். பாய்டுக்கு 3 வயது நிறையும் சமயத்தில் நிமோனியா காய்ச்சல் வந்து அவர் இறந்துபோனார். வீட்டில் ஐந்து குழந்தைகள். அமெரிக்காவில் அப்போது பெரும் பஞ்சகாலம். தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தன. வேலை தேடி லட்சக்கணக்கான பேர் அலைந்தார்கள்.

தாய் எல்சி மனம் தளரவில்லை. கேக் செய்து விற்றார். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை விற்றார். கிடைத்த வேலையை எல்லாம் செய்தார். இந்தக் குடும்பம் கஷ்டப்படுகிறது என்று ஊரார் பேசக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். பெண்களில் ஒருத்தியை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. அந்த வேதனையையும் தாங்கிக் கொண்டார்.

தாயின் பிடிவாதம் அப்படியே மகனுக்கும் வந்தது.

பாய்டு நல்ல நீச்சல்காரர். கோடை காலத்தில் ஏரிக்கரையில் குளிக்க வருகிறவர்களைக் காப்பாற்றும் வேலை பார்த்தார். 1944-ம் ஆண்டு, இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது ராணுவ விமானப்படையில் சேர்ந்தார். ஆனால் சண்டைக்குப் போகும் முன்பே யுத்தம் முடிந்துவிட்டது. ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார். அங்கே வீரர்களுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தார்.

ஊர் திரும்பியதும் அயோவா சர்வகலாசாலையில் படித்தார். பொருளாதாரத்தில் பட்டம் பெற்றார். அங்கே உடன் படித்த மேரி என்ற பெண்ணை மணந்து கொண்டார். பிறகு மறுபடியும் விமானப்படை. இந்தத் தடவை விமானி ஆனார்.

கொரியாவில்

1953-ம் ஆண்டு, கொரியா யுத்தம் நடந்தது. பாய்டு அங்கே போய்ச் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்தது 'சேபர்' என்ற ஜெட் விமானம். எதிரே ரஷியாவில் தயாரான 'மிக்-15' விமானம்.

இரண்டு விமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மிக் விமானத்துக்குத்தான் அனுகூலம் அதிகம். அது எடை குறைந்தது. வேகமாக மேலே ஏறும். சேபர் எட்ட முடியாத உயரத்துக்குப் போகும். உயரத்தில் சேபரைவிட நெருக்கமாகத் திரும்பும்.

அப்படி இருந்தும் சண்டையில் சேபர் விமானமே அதிகம் வென்றது. ஒரு சேபர் விழுந்தால் பத்து மிக் விழுந்தது என்று அமெரிக்கர்கள் அப்போது கணக்குச் சொன்னார்கள். பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் அந்தக் கணக்கைக் குறைத்துவிட்டார்கள். ஆனாலும் சேபரின் கை ஓங்கி இருந்தது உண்மை.

இது எப்படி என்ற கேள்வி பாய்டு மனதில் முள்ளாகக் குத்தியது. பல ஆண்டுகள் அந்தக் கேள்வியை அவர் விடவில்லை.

கொரியாவில் அவர் 22 தடவை பறந்தார். புதிதாக வருகிறவர்கள் தலைமை விமானத்துக்குப் பின்னால் காவலாகப் பறக்க வேண்டும். சுடுவது தலைவரின் வேலை. ஆகவே பாய்டு ஒரு விமானத்தையும் வீழ்த்தவில்லை. அவர் தலைமைப் பொறுப்புக்கு வரும் முன்பே, 1953 ஜூலை 27-ந் தேதி போர் நிறுத்தம் ஏற்பட்டது.

ஒரு எதிரி விமானத்தைக்கூட வீழ்த்தாதவர்தான் விமானச் சண்டைக்குப் பெரிய வாத்தியார் ஆனார்!

40 டாலர் பந்தயம்

கொரியாவில் இருந்து திரும்பிய பாய்டு, நெவாடா பாலைவனத்தில் உள்ள நெல்லிஸ் விமான தளத்துக்கு வந்தார். சண்டை விமானிகளுக்கு அங்கே ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. நல்ல விமானிகளைப் பொறுக்கி எடுத்து, மேலும் பயிற்சி கொடுக்கும் இடம் அது. பாய்டு அங்கே படித்தார். பிறகு அங்கேயே ஆசிரியர் ஆனார்.

அவர் ஒரு பந்தயம் வைத்தார். எந்த விமானி வேண்டுமானாலும் வரலாம். ஆகாயத்தில் பாய்டுக்குப் பின்னால், சுடுவதற்கு வசதியான இடத்தில் இருந்து சண்டையைத் தொடங்கலாம். 40 வினாடியில் பாய்டு நிலைமையைத் தலைகீழாக மாற்றி அவருக்குப் பின்னால் வந்துவிடுவார். வர முடியாவிட்டால் 40 டாலர் கொடுப்பார்.

அவர் 40 டாலர் கொடுத்ததே இல்லை என்று விமானப்படையில் இன்றும் சொல்கிறார்கள். '40 வினாடி பாய்டு' என்ற பட்டப் பெயர் அப்போது வந்ததுதான்.

அவர் செய்தது மந்திர வித்தை அல்ல. பின்னால் துரத்துகிறவன் வேகமாக வருகிறான். பாய்டு தன் விமானத்தின் மூக்கைச் சட்டென்று மேலே தூக்குவார். விமானத்தின் வயிறு முழுவதும் காற்றில் மோதும். பிரேக் போட்டதுபோல் வேகம் குறையும். துரத்துகிறவன் நிறுத்த முடியாமல் முன்னால் போய்விடுவான். மறுகணம் பாய்டு அவன் முதுகுக்குப் பின்னால் இருப்பார்.

சொல்வது சுலபம். அவர் ஓட்டிய எப்.100 விமானம் பொல்லாத விமானம். மெதுவாகப் பறக்கும்போது கொஞ்சம் தவறினாலும் புரண்டு கீழே விழும். அதன் குணத்தை அவர் அத்தனை தூரம் அறிந்து வைத்திருந்தார்.

தமக்குத் தெரிந்ததை எல்லாம் அவர் 1960-ம் ஆண்டு ஒரு பாடமாகச் செய்தார். உட்கார்ந்து எழுதுவது அவருக்குப் பிடிக்காத வேலை. ஆகவே ஒலிப்பதிவுக் கருவி முன்னால் பேசினார். பிறகு அதைத் தட்டச்சு செய்தார்கள். எதிரி இந்தப் பக்கம் திரும்பினால் என்ன செய்ய வேண்டும், அந்தப் பக்கம் திரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாக அதில் சொல்லி இருந்தார். அதற்கு முன்பு விமானச் சண்டை என்பது பிறவியிலேயே வரவேண்டிய திறமை என்று நினைத்தார்கள். அது படித்துக் கற்கக்கூடிய வித்தை என்று பாய்டு காட்டினார்.

33 வயதில் மாணவர்

இவ்வளவு தெரிந்தும் பாய்டுக்குத் திருப்தி இல்லை. என்ன செய்தால் வெல்லலாம் என்பது தெரிந்தது. ஏன் வெல்கிறோம் என்பது தெரியவில்லை. அதற்குக் கணக்கும் விஞ்ஞானமும் வேண்டும்.

ஆகவே 33 வயதில், பிள்ளை குட்டிகளோடு, மறுபடியும் கல்லூரிக்குப் போனார். அட்லாண்டா நகரில் உள்ள ஜார்ஜியா என்ஜினீயரிங் கல்லூரியில் சேர்ந்தார். தம்மைவிடப் பத்து வயது குறைந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தார்.

அங்கே வெப்பத்தையும் சக்தியையும் பற்றிய பாடம் நடந்தது. ஒரு சக்தி இன்னொரு சக்தியாக மாறும்போது கொஞ்சம் வீணாகிறது என்பது அந்தப் பாடத்தின் சாரம். ஒரு நாள் இரவு உடன் படிக்கும் மாணவர் ஒருவருக்கு விமானச் சண்டையை விவரித்துக் கொண்டிருந்தார். அப்போது அவர் மனதில் பளிச்சென்று ஒன்று தோன்றியது. விமானச் சண்டையும் சக்தியின் வரவு செலவுதானே!

1962-ம் ஆண்டு பட்டம் பெற்று வெளியே வந்தபோது, அந்த எண்ணம் முழுக் கணக்காக வளர்ந்துகொண்டிருந்தது.

வரவு செலவுக் கணக்கு

பாய்டு கண்டுபிடித்த கணக்கு என்ன? ஒரு குடும்பத்தின் வரவு செலவோடு ஒப்பிட்டால் எளிதில் புரியும்.

விமானம் எத்தனை உயரத்தில் இருக்கிறதோ, அது பெட்டியில் சேர்த்து வைத்த பணம். விமானத்தின் வேகம் கையில் உள்ள பணம். பெட்டியில் இருப்பதை எடுத்துக் கையில் வைத்துக் கொள்ளலாம். அதாவது, உயரத்தில் இருந்து கீழே பாய்ந்தால் வேகம் கூடும். கையில் உள்ளதைப் பெட்டியில் போடலாம். அதாவது, வேகமாக வரும் விமானம் மூக்கைத் தூக்கினால் உயரம் கூடும்; வேகம் குறையும்.

என்ஜின் கொடுக்கும் உந்துதல் சம்பளம். காற்றின் எதிர்ப்பு செலவு. விமானம் நேராகப் போனால் செலவு குறைவு. வளைந்து திரும்பினால் செலவு அதிகம். எத்தனை வேகமாக வளைகிறதோ, அத்தனை செலவு.

இனி, எடை. எடை என்பது குடும்பத்தின் அளவு. 100 ரூபாய் சம்பளம் இரண்டு பேர் உள்ள குடும்பத்துக்கு வந்தால் தாராளம். அதே 100 ரூபாய் பத்துப் பேர் உள்ள குடும்பத்துக்கு வந்தால் தட்டுப்பாடு. விமானமும் அப்படித்தான். பெரிய என்ஜின் இருந்தால் மட்டும் போதாது. எடையும் குறைவாக இருக்க வேண்டும்.

என்ஜினின் உந்துதலில் காற்றின் எதிர்ப்பைக் கழிக்க வேண்டும். மிச்சத்தை வேகத்தால் பெருக்க வேண்டும். வருவதை எடையால் வகுக்க வேண்டும். இவ்வளவுதான் கணக்கு. விடை பெரிதாக இருந்தால், அந்த விமானம் திரும்பித் திரும்பிச் சண்டை போட்டாலும் களைக்காது. விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் அது கடன்பட்ட குடும்பம். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் உயரத்தை இழக்கும், அல்லது வேகத்தை இழக்கும். கடைசியில் உயிரை இழக்கும்.

ஒரு விமானத்துக்கு ஒரே விடை கிடையாது. 5,000 அடி உயரத்தில் ஒரு விடை. 30,000 அடியில் வேறு விடை. மெதுவாகப் போனால் ஒன்று. வேகமாகப் போனால் ஒன்று. எல்லாவற்றையும் போட்டு முடிக்க ஆயிரக்கணக்கான கணக்குகள் வேண்டும். கையால் போட்டால் ஆயுள் போதாது. கம்ப்யூட்டர் வேண்டும்.

கம்ப்யூட்டர் 'திருட்டு'

புளோரிடா மாநிலத்தில் எக்லின் என்ற விமான தளத்தில் பாய்டுக்கு வேலை போட்டார்கள். அங்கே பெரிய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. ஆனால் பாய்டுக்கு அதைத் தொட அனுமதி இல்லை. அவர் வேலைக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

தாமஸ் கிறிஸ்டி என்ற கணித நிபுணர் அங்கே வேலை பார்த்தார். அமைதியானவர். பாய்டோ கத்திப் பேசுகிறவர். இருவரும் நண்பர்கள் ஆனார்கள். பாய்டின் கணக்கை கிறிஸ்டி கம்ப்யூட்டரில் போட்டார். வேறு வேலைகளின் பெயரில் எழுதி, யாருக்கும் தெரியாமல் ஓட்டினார். பத்து லட்சம் டாலர் மதிப்புள்ள கம்ப்யூட்டர் நேரம் இப்படிப் போயிற்று என்று சொல்வார்கள்.

விஷயம் வெளியே வந்தது. விசாரணை நடந்தது. ஆனால் அதற்குள் கணக்கின் அருமை தெரிந்துவிட்டது. தண்டனை எதுவும் இல்லை. 1964-ம் ஆண்டு இருவரும் தங்கள் கணக்கை அறிக்கையாக வெளியிட்டார்கள்.

சிவப்பும் நீலமும்

பாய்டு அமெரிக்க விமானங்களுக்கும் ரஷிய விமானங்களுக்கும் கணக்குப் போட்டு ஒப்பிட்டார். விடைகளைப் படமாகத் தீட்டினார். அமெரிக்க விமானத்தின் கை ஓங்கும் இடத்துக்கு நீல வர்ணம். ரஷிய விமானத்தின் கை ஓங்கும் இடத்துக்குச் சிவப்பு வர்ணம்.

படத்தைப் பார்த்து அவரே திடுக்கிட்டார். சிவப்பு அதிகமாக இருந்தது!

கணக்கில் பிழை இருக்கும் என்று நினைத்து மறுபடியும் போட்டார். என்ஜின் விவரங்களைத் திரும்பச் சரி பார்த்தார். விடை மாறவில்லை.

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பெருமையாக விளங்கியது 'பாண்டம்' என்ற விமானம். இரண்டு என்ஜின், இரண்டு ஆள். ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகம். ரஷியாவின் 'மிக்-21' விமானமும் அதே வேகம் போகும். ஆனால் பாண்டத்தின் எடை மிக்-21 விமானத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். சுற்றிச் சுழன்று சண்டை போட்டால், பல இடங்களில் மிக் விமானத்தின் கையே ஓங்கும் என்று கணக்குச் சொல்லியது. இந்திய விமானப்படை 1963-ம் ஆண்டு முதல் 2025-ம் ஆண்டு வரை பறக்கவிட்ட மிக்-21 விமானம் இதுதான்.

எப்.111 என்று இன்னொரு விமானம். இறக்கையை முன்னும் பின்னும் மடக்கும் அதிசய விமானம் என்று கோடிக்கணக்கில் பணம் கொட்டிச் செய்தது. அதன் படம் ஏறக்குறைய முழுவதும் சிவப்பு.

இந்தப் படங்களைப் பாய்டு பெரிய தளபதிகள் முன்னால் மாட்டினார். அவர்கள் முகம் சிவந்தது. சிலர் கோபித்தார்கள். சிலர் நம்ப மறுத்தார்கள். ஆனால் கணக்கில் தவறு கண்டுபிடிக்க ஒருவராலும் முடியவில்லை.

சில மாதங்களில் வியட்நாம் யுத்தம் தீவிரம் அடைந்தது. அங்கே சின்னஞ்சிறு மிக் விமானங்கள் அமெரிக்காவின் பெரிய விமானங்களுக்குத் தொல்லை கொடுத்தன. வேகம் குறைந்த பழைய மிக்-17 விமானம்கூட நெருக்கமாகத் திரும்பிப் பின்னால் வந்துவிட்டது. பாண்டம் விமானத்தில் அப்போது பீரங்கி கிடையாது. ஏவுகணை போதும் என்று நினைத்திருந்தார்கள். காகிதத்தில் பாய்டு எழுதியது ஆகாயத்தில் நடந்தது. அதற்கு விலை, விமானிகளின் உயிர்.

முரட்டு மனிதர்

1966-ம் ஆண்டு பாய்டை ராணுவத் தலைமை அலுவலகமான பென்டகனுக்கு அழைத்தார்கள். புதிய சண்டை விமானம் ஒன்றுக்கு அங்கே திட்டம் போட்டுக் கொண்டிருந்தார்கள். இறக்கை மடக்கும் விமானம். எடை 60,000 பவுண்டுக்கு மேல். பாய்டு அதைப் பார்த்தார். உதவாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்.

அவர் நயமாகப் பேசத் தெரியாதவர். எதிரில் உள்ளவர் மூக்குக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு பேசுவார். கையில் எப்போதும் சுருட்டு புகையும். ஒரு தளபதியிடம் ஆவேசமாகப் பேசும்போது அவருடைய கழுத்து டையையே சுருட்டால் பொசுக்கிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. நடு இரவு இரண்டு மணிக்கு நண்பர்களுக்கு டெலிபோன் செய்வார். அன்று படித்த புத்தகத்தைப் பற்றி விடியும் வரை பேசுவார்.

ஆனால் அவர் கணக்கு ஜெயித்தது. மடக்கும் இறக்கை போயிற்று. எடை சுமார் 40,000 பவுண்டாகக் குறைந்தது. அப்படி உருவான விமானம்தான் எப்.15. அது 1972-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி முதன்முதலாகப் பறந்தது. 1975-ம் ஆண்டு, எடை குறைத்த ஓர் எப்.15 விமானம் 30 கிலோமீட்டர் உயரத்தை 208 வினாடிக்குள் எட்டியது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் அது எட்டு உலக சாதனைகளை ஏற்படுத்தியது.

எல்லோரும் மகிழ்ந்தார்கள். பாய்டுக்கு மகிழ்ச்சி இல்லை. இன்னும் எடை அதிகம், இன்னும் விலை அதிகம் என்றார்.

சின்ன விமானம் பிறந்தது

பியர் ஸ்ப்ரே என்ற நிபுணர், ரிச்சியோனி என்ற கர்னல், இன்னும் சில நண்பர்கள். இவர்கள் பாய்டோடு சேர்ந்துகொண்டார்கள். சண்டை விமானக் கும்பல் என்று இவர்களுக்குப் பெயர் வந்தது.

சின்ன விமானம், ஒரே ஆள், தேவையில்லாத பாரம் எதுவும் இல்லை. விலை குறைவாக இருப்பதால் நிறையச் செய்யலாம். இதுதான் இவர்கள் கனவு. எப்.15 திட்டத்துக்கு ஆபத்து வரும் என்று தளபதிகள் எதிர்த்தார்கள். ஆகவே வேலை ரகசியமாக நடந்தது. 1,49,000 டாலர் ஆராய்ச்சிப் பணம் கிடைத்தது. அதை இரண்டு கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்து, பாய்டின் கணக்குப்படி விமானம் வரையச் செய்தார்கள்.

பிறகு அரசாங்க அனுமதியும் வந்தது. இரண்டு கம்பெனிகளும் மாதிரி விமானம் செய்ய வேண்டும். இரண்டையும் பறக்கவிட்டு, எது சிறந்ததோ அதை வாங்குவது என்று ஏற்பாடு.

ஜெனரல் டைனமிக்ஸ் கம்பெனி செய்தது ஒய்.எப்.16. 1974-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி அதைத் தரையில் ஓட்டிப் பார்த்தார்கள். பறப்பதாகத் திட்டமே இல்லை. திடீரென்று விமானம் இரண்டு பக்கமும் ஆட்டம் போட்டது. வால் பகுதி தரையில் இடித்தது. தரையில் வைத்திருந்தால் உடைந்திருக்கும். ஓட்டியவர் பில் ஓஸ்ட்ரைக்கர். அவர் ஒரு கணத்தில் முடிவு செய்தார். விமானத்தை ஆகாயத்தில் தூக்கினார். ஆறு நிமிஷம் பறந்து பத்திரமாக இறக்கினார். எப்.16 விமானத்தின் முதல் பயணம் இப்படித் தற்செயலாக நடந்தது!

போட்டியில் அதுவே வென்றது. 1975 ஜனவரியில் முடிவு வெளிவந்தது. தோற்றுப்போன விமானமும் வீணாகவில்லை. அதைப் பெரிதாக்கிக் கடற்படைக்கு எப்.18 செய்தார்கள்.

எப்.16 விமானத்தில் விமானி கொஞ்சம் சாய்ந்து உட்காருவார். தலைக்கு மேல் முழுவதும் கண்ணாடி. நாலு பக்கமும் தெரியும். உடல் எடையைப் போல் 9 மடங்கு அழுத்தம் வரும் அளவுக்கு அது சட்டென்று வளையும். 70 கிலோ எடையுள்ள ஆள் அந்த நேரத்தில் 630 கிலோ எடை போல் உணர்வார். இந்த விமானம் 4,500-க்கு மேல் தயாராயிற்று. இருபதுக்கு மேற்பட்ட நாடுகள் வாங்கின.

ஆனால், விமானப்படையார் அதில் குண்டுகளையும் கருவிகளையும் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். எடை கூடியது. பாரம் தாங்க இறக்கையைப் பெரிதாக்கினார்கள். தம் பிள்ளையைக் கெடுத்துவிட்டார்கள் என்று பாய்டு வருந்தினார்.

இதில் பாய்டு சொன்னது முழுவதும் சரி என்று சொல்ல முடியாது. தொலைதூர ரேடாரையும் ஏவுகணையையும் அவர் குழுவினர் பெரிதாக மதிக்கவில்லை. ஆனால் 1991-ம் ஆண்டு வளைகுடா யுத்தத்தில், கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்து ஏவிய ஏவுகணைகள் பல விமானங்களை வீழ்த்தின. எப்.16 விமானத்தை வரைந்தவர்களும் பாய்டு அல்ல; ஹாரி ஹில்லேக்கர் தலைமையில் கம்பெனி என்ஜினீயர்கள். அளவுகோலைக் கொடுத்தது பாய்டு.

பழைய கேள்விக்கு விடை

1975-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி பாய்டு ஓய்வு பெற்றார். வயது 48. கர்னல் பதவிக்கு மேல் போகவில்லை. தளபதிகளைப் பகைத்துக் கொண்டவரை யார் தளபதி ஆக்குவார்கள்?

தம்மைத் தேடி வந்த இளம் அதிகாரிகளுக்கு அவர் ஒரு புத்தி சொல்வது வழக்கம். வாழ்க்கையில் ஓர் இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று, பெரிய பதவிக்குப் போகும் வழி. மற்றொன்று, பயனுள்ள காரியத்தைச் செய்யும் வழி. இரண்டிலும் ஒரே சமயத்தில் போக முடியாது. எந்த வழி என்பதை அவரவர் தீர்மானிக்க வேண்டும் என்பார். அவர் இரண்டாவது வழியில் போனவர்.

கொரியாவில் எழுந்த கேள்விக்கும் அவர் விடை கண்டார். சேபர் விமானியின் தலைக்கு மேல் பெரிய கண்ணாடிக் கூடு இருந்தது. ஆகவே எதிரியை நன்றாகப் பார்க்க முடிந்தது. விமானத்தைத் திருப்பும் விசை எண்ணெய் அழுத்தத்தால் இயங்கியது. ஆகவே லேசாக அசைத்தாலே விமானம் சட்டென்று மாறியது. மிக் விமானி மல்லுக்கட்ட வேண்டும். ஒரு வளைவில் இருந்து அடுத்த வளைவுக்கு சேபர் சீக்கிரம் மாறிவிடும். மிக் விமானி ஒன்றுக்குப் பதில் செய்வதற்குள் சேபர் வேறொன்றில் இருக்கும். பயிற்சியும் சேர்ந்துகொண்டது.

இதில் இருந்து பாய்டு ஒரு பெரிய உண்மையைக் கண்டார். சண்டையில் ஒருவன் நாலு காரியம் செய்கிறான். பார்க்கிறான், நிலைமையைப் புரிந்துகொள்கிறான், முடிவு செய்கிறான், செய்கிறான். இந்த நாலையும் எதிரியைவிடச் சீக்கிரம் செய்து முடிப்பவன் வெல்வான். எதிரி குழம்பிப் போவான். இது விமானத்துக்கு மட்டும் அல்ல, எல்லாப் போட்டிக்கும் பொருந்தும் என்றார். பிற்காலத்தில் வியாபாரக் கல்லூரிகளில்கூட இதைப் பாடமாக வைத்தார்கள்.

இதைப் பற்றி அவர் புத்தகம் எழுதவில்லை. படங்களைக் காட்டிப் பேசினார். ஒரு மணி நேரப் பேச்சு நாளடைவில் ஆறு மணி நேரத்துக்கு மேல் வளர்ந்தது. சுருக்கிச் சொல்லும்படி பெரிய அதிகாரிகள் கேட்டால் மறுத்துவிடுவார். கேட்டால் முழுவதும் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம்!

நிலவறை வீடு

பொது வேலையில் இத்தனை கண்டிப்பாக இருந்தவரின் வீட்டில் நிலைமை வேறு.

ஓய்வு பெற்ற பிறகும் பென்டகனில் ஆலோசகராக வேலை பார்த்தார். சம்பளம் வேண்டாம் என்றார். சட்டப்படி ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றதால், இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் சம்பளம் மட்டும் வாங்கிக் கொண்டார். ஆசை குறைந்தவனை யாரும் விலைக்கு வாங்க முடியாது என்பது அவர் கொள்கை.

ஆனால் ஐந்து பிள்ளைகள். மூத்த மகனுக்கு இளம்பிள்ளை வாதம். அவர் தங்கைக்கு வந்த அதே நோய். குடும்பம் ஒரு கட்டடத்தின் நிலவறைப் பகுதியில் ஆண்டுக்கணக்காக வாடகைக்குக் குடியிருந்தது. சொந்த வீடு வாங்கப் பாய்டு நினைக்கவே இல்லை. பிள்ளைகளோடு செலவழிக்க அவருக்கு நேரமும் இல்லை. பிள்ளைகளுக்கு மனத்தாங்கல் இருந்தது. மனைவி மேரி எல்லாவற்றையும் பொறுத்துக் கொண்டார். வெளியே ஜெயித்த கணக்கு வீட்டில் ஜெயிக்கவில்லை.

மரியாதை

1989-ம் ஆண்டு அமெரிக்க மரைன் படை, போர் முறை பற்றிப் புதிய கையேடு வெளியிட்டது. அதில் பாய்டின் கருத்துகள் இடம் பெற்றிருந்தன. 1991-ம் ஆண்டு வளைகுடா யுத்தத்துக்கு முன்பு, ராணுவ மந்திரி டிக் சேனி அவரை அழைத்து யோசனை கேட்டார்.

பாய்டுக்குப் புற்றுநோய் வந்தது. 1997-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி புளோரிடாவில் காலமானார். வயது 70. ஆர்லிங்டன் ராணுவ மயானத்தில் உடல் அடக்கம் நடந்தது. மரைன் படையினர் திரளாக வந்தார்கள். அவர் ஆயுளைக் கொடுத்த விமானப்படையில் இருந்து வந்தவர்கள் மிகச் சிலர். அவருடைய காகிதங்களையும் புத்தகங்களையும் மரைன் படையினரே வாங்கிப் பாதுகாத்தார்கள்.

பிறகு விமானப்படையும் விழித்துக் கொண்டது. நெல்லிஸ் தளத்தில், அவர் 40 டாலர் பந்தயம் வைத்த அதே இடத்தில், 1999-ம் ஆண்டு ஒரு கட்டடத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

இன்று ராடார் கண்ணில் படாத விமானங்கள் வந்துவிட்டன. நூறு மைலுக்கு அப்பால் பாயும் ஏவுகணைகள் வந்துவிட்டன. ஆனாலும், இரண்டு சண்டை விமானங்களில் எது சுறுசுறுப்பானது என்று பார்க்க வேண்டுமானால், என்ஜினீயர்கள் இன்னும் அந்தப் பழைய கணக்கைத்தான் போடுகிறார்கள். உந்துதலில் எதிர்ப்பைக் கழி, வேகத்தால் பெருக்கு, எடையால் வகு.

எந்த நாட்டு விமானமாக இருந்தாலும் அந்தக் கணக்கு மாறுவதில்லை.